இரண்டு விரற்கடை உயரம்

ஒரு பாத்திரம் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும்? அதில் கொதிப்பதற்கா, அதிலிருந்து குடிப்பவருக்கா, அதன் பக்கத்தில் நிற்பவருக்கா? அளவுகோல் அக்காவின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருக்காது. அவர் வாயிலிருந்து மட்டும் அது வந்ததில்லை. கேள்வி என்றால் அவருக்கு அளவுதான்: எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, எவ்வளவு கனம். மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு.

பாத்திரப் பட்டறை ஒன்றில் அவருக்கு வரைபடம் போடும் வேலை. ஆறங்குல எஃகு அளவுகோல் ஒன்று எப்போதும் கைப்பையில் கிடக்கும். ஒருமுறை பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் மடியில் வைத்திருந்த டிபன் கேரியரின் பிடியை அனுமதி கேட்காமலே அளந்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க, இது உங்க விரலை அறுக்குமே?" என்று கேட்டார். கூட வந்த பட்டறைப் பெண்கள் அன்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் வரைந்தவற்றில் முக்கால்வாசி தேநீரைச் சேர்ந்தவை. எந்த டம்ளர் மேலும் நழுவாமல் உட்காரும் வடிகட்டி. கடைசிச் சொட்டை வெளியே வழியவிடாத மூக்கு வைத்த கெட்டில். சூட்டோடு பிடிக்கத் தோதாக விளிம்பு மடித்த டம்ளர். இவற்றைப் பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டாம். ஒழுங்காக இருக்கும் பாத்திரத்தைப் பற்றி உலகம் பேசுவதில்லை. கையைச் சுட்ட பாத்திரத்தைத்தான் வம்சம் சொல்லித் திட்டுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அக்கா தேநீர் குடிப்பதில்லை. இளம் வயதில் வந்த வயிற்றுப்புண் அவரை வெந்நீரோடு நிறுத்திவிட்டது. தேநீர் சரியாக வந்ததா என்பதை அவர் அடுத்தவர் முகத்தில்தான் படிப்பார். முதல் மடக்கில் புருவம் இறங்கினால் சரி. புருவம் அசையாமல் உதடு மட்டும் "நல்லாருக்கு" என்றால், வரைபடத்தில் எங்கோ பிழை.

அப்படி அவர் அதிகம் நம்பிய முகம் கொழுந்தனுடையது. ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் தேநீர் அறை. பதினான்கு வருஷமாக அங்கே அவர்தான் தேநீர் போடுகிறார். அதற்கு முன் துணிக்கடையில் இருந்தார், அச்சகத்தில் இருந்தார், லிஃப்டில் பொத்தான் அமுக்கும் வேலையில்கூட இருந்தார். எதிலும் ஆறு மாசம் தாண்டவில்லை. "இவன் கால் வச்சா கடைக்காரனே கடையை மூடிட்டு ஓடிடுவான்" என்பது அவருடைய அண்ணனின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், நிரந்தர நகைச்சுவை. தேநீர் அறையில் கால் வைத்தபின் அந்த நகைச்சுவைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"அண்ணி, அந்த அடுப்பு என்னை மனுஷனாவே மதிக்கல."

"எந்த அடுப்பு?"

"கட்டடத்துக்குள்ள இனிமே நெருப்பே கூடாதாம். சிலிண்டரைத் தூக்கிட்டுப் போயிட்டு இண்டக்ஷன் அடுப்பும் அதுக்கு ஒரு பாத்திரமும் கொடுத்திருக்காங்க. பாத்திரத்தைத் தூக்கினா கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சுடுது. திரும்ப வச்சு ரெண்டு பொத்தானை அமுக்கணும். அதுக்குள்ள கொதி செத்துப் போயிடுது."

"நீ எதுக்குத் தூக்கறே?"

"எதுக்குத் தூக்கறேனா? பொங்கி வருது, தூக்கறேன். பொங்கி வந்தா தூக்காம, வாங்க உக்காருங்கன்னு உபசாரமா பண்ணுவாங்க?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: "பதினாலு வருஷமா இவன் தூக்கின ஒரே கனம் அதுதான். அதையும் அடுப்பு பறிச்சுக்கிச்சு."

"நீ சும்மா இரு அண்ணே. அண்ணி, மேலாளர் ஒரு மாசம் பாருன்னார். அதுக்குள்ள பழைய மாதிரி டீ வரலைன்னா மெஷின் வச்சுடுவாங்களாம். பொத்தானை அமுக்கினா அதுவே ஊத்துமாம். நாப்பத்தஞ்சு வயசுல நான் இனிமே எங்க போய், என்னத்தக் கத்துக்கறது?"

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்பவர்கள் அந்தச் சொல்லோடு கடமை முடிந்ததாக எழுந்து போவதை அவர் நிறையப் பார்த்தவர். கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் பழைய சட்டிக்கு அடி எவ்வளவு, வாய் எவ்வளவு?"

"யாருக்கு அண்ணி தெரியும்? இருபது டம்ளர் சட்டி."

"நாளைக்கு எடுத்துட்டு வா."

அந்தத் தேநீர் போடும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. தண்ணீர், பால், தேயிலை, தட்டிய இஞ்சி எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். நுரை விளிம்புக்கு ஏறி வரும். ஏறியதும் இடுக்கியால் பாத்திரத்தை நாலு விரல் தூக்கினால் இறங்கும். மறுபடி வைத்தால் மறுபடி ஏறும். மூன்று தடவை ஏறி இறங்கியபின் வடிகட்டி, இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்ற வேண்டும். எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் ஏதோ ஒரு கை தினமும் செய்வதுதான். செய்யும் கையைக் கேட்டால் அதற்குக் காரணம் தெரியாது; கேட்டவரை விசித்திரமாகப் பார்க்கும்.

மறுநாள் பட்டறைக்கு வந்த அலுமினியச் சட்டி நெளிந்து, அடி கறுத்து, புது அடுப்பு தொடக்கூட விரும்பாத கோலத்தில் இருந்தது. அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடி வேண்டும். முதலாளியிடம் அக்கா கேட்டார். புது அடுப்புகள் எல்லா இடத்திலும் வருகின்றன, பாத்திரம் சரியாக அமைந்தால் பட்டறைக்கும் நல்லது என்று அவர் தகடு கொடுக்கச் சம்மதித்தார். தகட்டைச் சுழலவிட்டு அழுத்தி உருவம் எடுக்கும் கடைசல்காரர், அக்காவோடு பதினெட்டு வருஷமும் சண்டை போட்டவர், வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

முதல் பாத்திரம் ஒரு வாரத்தில் தயார். பொங்குவதுதான் பிரச்சினை என்றால் பொங்காமல் செய்துவிட்டால் போயிற்று என்பது அதன் தத்துவம். துளைகள் போட்ட மூடி ஒன்று. நுரை அதில் முட்டி உடைந்து உள்ளேயே விழும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே மாதிரி அடுப்பு ஒன்றை வைத்துச் சோதனை நடந்தது. குடிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. நாலாவது டம்ளரில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் ஒரு டம்ளர் குடிச்சா, நானே பொங்கிடுவேன். எனக்கும் ஒரு மூடி செஞ்சு வை."

கொழுந்தன் ஒரு மடக்குக் குடித்தார். புருவம் அசையவில்லை.

"சொல்லு" என்றார் அக்கா.

"நல்லாதான்..."

"தம்பி!"

"தேயிலை பால்ல குளிச்சுட்டுப் போயிருக்கு அண்ணி. உள்ள இறங்கல."

அக்கா மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த மூடி பிறகு அந்த வீட்டில் வெங்காயக் கூடைக்கு மேல் உட்கார்ந்தது. ஒரு வாரத்து உழைப்பு அப்படிப் போயிற்று. திங்கட்கிழமை அக்கா வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகப் பட்டறைக்குப் போனார், அவ்வளவுதான்.

ஏறி இறங்குவது தேநீருக்கு வேண்டும். தூக்காமல் இறங்க வேண்டும். அப்படியானால் பாத்திரமே இறக்கட்டும் என்று இரண்டாவதை வரைந்தார். அடி ஒடுங்கி, வாய் அகன்று, உயர்ந்த சுவர். சுவரின் உள்பக்கம் முக்கால் உயரத்தில் சுற்றிலும் ஒரு படி. ஏறிவரும் நுரை அகன்ற இடத்தில் பரந்து தளர்ந்து, படியில் தடுக்கி, நடுவே மடிந்து விழும். தேயிலையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் படியை எடுப்பதற்குள் கடைசல்காரர் மூன்று தகடுகளைக் கிழித்துவிட்டார்.

"அக்கா, தகடு என்ன மாவா? இந்த மடிப்புக்கு வராது."

"நேத்து ரெண்டாவது தகட்டுல பாதி வந்துச்சு. மீதியும் வரும்."

"வராதுன்னு சொல்றேன்."

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. தகட்டுக்குக் கேக்கல. இன்னொண்ணு போடுங்க."

நாலாவது தகடு வந்தது. வீட்டில் சோதித்தபோது நுரை ஏறியது, படியில் மடிந்தது, விழுந்தது, தானாக மறுபடி ஏறியது. கொழுந்தனின் புருவம் பாதி இறங்கியது. "கிட்ட வந்துட்டோம் அண்ணி. என்னமோ ஒண்ணு குறையுது. என்னன்னு தெரியல."

குறைவது என்னவென்று தேநீர் அறையில் தெரிந்தது. அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பதினொரு மணித் தேநீருக்குக் கொழுந்தன் புதுப் பாத்திரத்தை ஏற்றினார். நுரை எழுந்தது. படியை எட்டுவதற்குள் அவர் கை இடுக்கியோடு போய்ப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டது. கீ கீ. அடுப்பு அணைந்தது.

"தூக்க வேண்டாம்னு சொன்னேனே?"

"நான் எங்க அண்ணி தூக்கினேன்? கைதான் தூக்குச்சு."

இரண்டாம் தடவையும் கை தூக்கியது. மூன்றாம் தடவை அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டம்ளர் எடுக்க வந்த மூன்றாம் மாடி ஆள் கேட்டார்: "என்ன மாஸ்டர், திருட்டுக் கையைப் பிடிச்சுட்டீங்களா?"

சிரிப்பு எழுந்தது. கொழுந்தன் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை, அவர் எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். வீட்டில் சோதித்தபோதெல்லாம் அடுப்படியில் நின்றது அவர். கொழுந்தன் குடித்து மட்டும் பார்த்தார். அக்கா சட்டியை அளந்தார், நுரையை அளந்தார், கையை அளக்க மறந்துவிட்டார். பதினெட்டு வருஷ அனுபவத்துக்கு இது வெட்கப்பட வேண்டிய பிழை. வெட்கப்படுவதை அவர் தள்ளிவைத்தார்.

"பழைய சட்டி இருக்கா? அதுல தண்ணிய ஊத்து. அடுப்பு வேண்டாம். கொதிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு செய்."

"வெறும் தண்ணியிலயா? எல்லாரும் பாக்கறாங்க அண்ணி."

"பாக்கட்டும். செய்."

ஆறிய தண்ணீரை வைத்து ஒரு மனிதர் தேநீர் போடுவதாகப் பாவனை செய்ய, ஒரு பெண் அவர் மணிக்கட்டுக்கருகே அளவுகோலை நீட்டிக்கொண்டிருக்கும் காட்சி அன்று ஆறு மாடிக்கும் பேச்சாயிற்று. பத்துத் தடவை செய்யவைத்தபின் அக்கா கண்டுகொண்டார். கை இரண்டு வேலை செய்தது. தூக்கியது, தூக்கிய நிலையில் கால்வாசி வட்டம் சுழற்றியது. சுழற்றுவது கொழுந்தனுக்கே தெரியாது. தூக்குவது நெருப்புக்காக வந்த பழக்கம், நெருப்போடு போகலாம். சுழற்றுவது தேயிலைக்காக. அடியில் படிந்த தூளை அது கிளப்பி, ஏறும் நுரைக்குள் கலக்கிறது. அடுப்பு தடுத்தது முதல் வேலையை மட்டுமே. இரண்டாவதைப் பற்றி அதற்கு எந்தக் கருத்தும் இல்லை.

பழக்கம் என்று நாம் கும்பிடுவதும், பழக்கம் என்று நாம் உதறுவதும் பெரும்பாலும் இப்படிப் பல செயல்கள் சேர்ந்து இறுகிய ஒரு கட்டி. அதைப் பிரித்து, எது எதற்காக வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. அக்காவுக்கும் அதைப் பொதுவாகச் செய்யத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒரு பாத்திரத்தில், ஒரு கையில், ஒரு முற்பகலில் செய்தார்.

மூன்றாவது மாற்றம் பிடியில். இடுக்கி வேண்டாம் என்று பக்கவாட்டில் வளைந்த பிடி ஒன்றை வைத்தார். அதைப் பிடித்துத் தூக்கப் போனால் மணிக்கட்டு முரண்டு பிடிக்கும். திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்பும். அடுப்பின் கண்ணாடி கீறாமல் இருக்க, கடைசல்காரர் அடியை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தார். மூன்று நாளில் கொழுந்தனின் கை தூக்குவதை மறந்து திருப்பக் கற்றுக்கொண்டது. நாலாம் நாள் அவர் குடித்துப் பார்த்தார். புருவம் முழுதாக இறங்கியது. அக்கா குறிப்பேட்டில் பிடியின் சாய்வை எழுதிக்கொண்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் மேலாளர் பரிசோதனைக்கு வந்தார். மெஷின்காரரையும் வரச் சொல்லியிருந்தார். முதலில் மெஷின் தேநீர் மாடிகளுக்குப் போயிற்று. பாதிக்கு மேல் டம்ளர்கள் நிறைந்தபடியே திரும்பி வந்தன. பிறகு கொழுந்தன் பாத்திரத்தை ஏற்றினார். முதல் தடவை நுரை எழுந்து, பிடி திரும்பி, அடங்கியது. அந்த நேரம் பார்த்து மேலாளர் அவரை வெளியே கூப்பிட்டார். மெஷின்காரர் ஏதோ படிவத்தை நிரப்ப, நாளுக்கு எத்தனை டம்ளர் தேநீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டது. அன்றும் வந்து மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா எழவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் ஓடி வந்தபோது நுரை ஏறிப் படியில் மடிந்து தானாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை. பின்னாலேயே வந்த மேலாளர் குனிந்து பார்த்தார்.

"இது பொங்கவே பொங்காதா?"

"பொங்காது சார்" என்றார் கொழுந்தன், பெருமையாக. "எங்க அண்ணி போட்ட படம்."

வடிகட்டி ஆற்றிய தேநீரை மேலாளர் ஒரே மூச்சில் குடித்தார். டம்ளர்கள் மாடிக்குப் போய் காலியாகத் திரும்பின. மெஷின்காரர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"பிரமாதம்மா" என்றார் மேலாளர் அக்காவிடம். "என் பொறுப்புல நாலு கட்டடம் இருக்கு. நாலுக்கும் இதே பாத்திரம் வேணும். ஆள் நிக்கவே வேண்டாம் போல இருக்கே? வாசல்ல இருக்கிற காவலாளியே பாலையும் தூளையும் போட்டு வச்சுட்டுப் போயிடலாம். கொஞ்சம் ருசி குறைஞ்சா என்ன, மெஷினுக்கு இது எவ்வளவோ மேல்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கொழுந்தன் கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தார். பிறகு மறுபடியும்.

அக்கா, "முடிவான படம் திங்கட்கிழமை வந்துடும் சார்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது கொழுந்தன் கேட்டார்: "நல்லாதானே அண்ணி செஞ்சோம்?"

"நல்லாதான் செஞ்சோம். நாளைக்கு வேலைக்குப் போ."

திங்கட்கிழமை காலை அக்கா வரைபடத்தைக் கடைசல்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேநீர் அறையிலிருந்து அக்கா கொண்டுவந்திருந்த மாதிரிப் பாத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, சுவர் இதுல ரெண்டு விரற்கடை குறையுது. படிக்கு மேல இடமே இல்லை. பக்கத்துல நின்னு திருப்பிக் கொடுக்கலைன்னா வழிஞ்சுடும். அளவு தப்பு."

"தப்பு இல்லை."

முதலாளி வரவழைக்கப்பட்டார். படத்தின் அடியில், பயன்படுத்தும் முறை எழுதும் கட்டத்தில், அக்கா தம் தெளிவான கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: கொதிக்கும்போது அருகில் ஆள் நிற்க வேண்டும்.

"சாம்பிள்ல இது இல்லையேம்மா?"

"இப்ப இருக்கு."

"அந்த மேலாளர் ஒத்துக்கணுமே?"

"மெஷின் டீயை அவங்க ஆளுங்க குடிக்கல. ஒத்துக்குவார். படத்தைக் காட்டியே கேளுங்க, மறைக்க வேண்டாம்."

காட்டித்தான் கேட்டார்கள். மேலாளர் முணுமுணுத்தார், இரண்டு நாள் யோசித்தார், கையெழுத்துப் போட்டார். நாலு கட்டடத்துத் தேநீர் அறைகளிலும் ஒவ்வொரு ஆள் நிற்கிறார். முதல் கட்டடத்தில் நிற்பவர் கொழுந்தன்தான்.

ஆனால் கையெழுத்து வருவதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே, அக்கா இன்னொன்று செய்திருந்தார். மாதிரிப் பாத்திரம் ஒன்றுதான் உயரமான சுவரோடு மிச்சம் இருந்தது. உலகத்தில் அப்படி ஒன்று போதும், அதைப் பார்த்து இன்னொருவர் நூறு செய்துகொள்ளலாம். அதைக் கடைசலில் மாட்டச் சொன்னார். "நல்ல பாத்திரத்தை ஏன்கா வெட்டணும்? ஒரு காரணம் சொல்லுங்க, வெட்டறேன்" என்றார் கடைசல்காரர். அக்கா பையிலிருந்து அளவுகோலை எடுத்து, விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுல வெட்டுங்க."